நம் மகன் எடுத்த நகல்

என்னங்க,

நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் வேறு எப்படித் தொடங்குவது? நல்ல சேதி ஏதாவது வந்தால் எழுதலாம் என்று இருந்தேன். இது அப்படிப்பட்ட கடிதம் இல்லை.

நம் ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டேன். எப்போது திறப்பேன் என்று தெரியாது.

நீங்கள் போன பிறகு சரவணன் செங்கத்திலிருந்து ஒரு கலர் லேசர் பிரிண்டரும் புது ஸ்கேனரும் கொண்டுவந்தான். பனிக்காலத்தில் ஸ்கேனர் கண்ணாடியில் ஈரம் படியுமே, நீங்கள் செய்தது போலவே துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். பேப்பர் நமுத்துப்போகாமல் பிஸ்கட் டின்னில் மூடி வைப்பான். நூல் அளவு கோடு விழுந்தாலும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எடுப்பான். மங்கிப்போன பத்திரத்தைக் கொடுத்தால் பின்னால் இருக்கிற பழுப்பை நீக்கி, எழுத்தை மட்டும் கறுப்பாக்கித் தருவான். உங்களை உரித்து வைத்திருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒரு மத்தியானம் என் கையில் இரண்டு தாள்களைக் கொடுத்தான். இரண்டும் ஒரே சாதிச் சான்றிதழ்.

"எது ஒரிஜினல், சொல்லும்மா."

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுத்தின் ஓரம், முத்திரையின் ஊதா, எல்லாம் அப்படியே இருந்தது. எனக்குத் தெரியவில்லை. "உங்கப்பா இருந்திருந்தா உன்னத் தலைல தூக்கி வச்சிருப்பாரு" என்றேன். எதற்கு இது என்று கேட்கத் தோன்றவில்லை. நீங்களாக இருந்தால் கேட்டிருப்பீர்களா?

சாமை பயிர் செய்கிற பொன்னனை ஞாபகம் இருக்கும். அவர் மகள் ரேவதிக்கு மலைக்குக் கீழே ஒரு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. சாதிச் சான்றிதழுக்கு எழுதிப் போடச் சொல்லிச் சரவணனிடம் வந்தார். சில நாளிலேயே, வந்துவிட்டது என்று இவன் எடுத்துக் கொடுத்தான். பொன்னன் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தார்.

"யக்கா, கொயந்தய காலேஜிலேர்ந்து திருப்பி அனுப்சிட்டாங்க. சர்ட்டிபிகேட்டு பொய்யின்றாங்க. தம்பி ஒருவாட்டி வந்து, நாந்தான் எழுதிப்போட்டு வாங்கித் தந்தேன்னு சொன்னா நம்புவாங்க."

சண்டை போட அல்ல, உதவி கேட்டு வந்திருந்தார்.

சான்றிதழின் மூலையில் கறுப்புப் புள்ளிகளாக ஒரு கட்டம் இருக்குமே, அதைக் காலேஜில் போனில் பிடித்துப் பார்த்தபோது வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது என்று ரேவதி சொன்னாள். நான் சரவணனைப் பார்த்தேன். அவன் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருத்தியின் சான்றிதழை ஸ்கேன் செய்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறான். அந்தக் கட்டம் கொஞ்சம் மங்கலாக விழுந்திருந்தால் போன் படித்திருக்காது. அவன் வேலையின் சுத்தமே அவனைக் காட்டிக்கொடுத்தது.

"இன்னாடா பண்ண?"

"ஆபீசுல லேட்டாவும்மா. அதுக்குள்ள சீட்டு பூடும். எப்படியும் அவங்களுக்குக் கெடைக்க வேண்டியதுதான? உதவியாத்தான் பண்ணேன்."

"அப்போ இன்னாத்துக்கு ஆபீஸ் பீசுன்னு அவருகிட்ட காசு வாங்கின?"

பொன்னன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இது தம்பியே செஞ்சதா யக்கா?" அவ்வளவுதான் கேட்டார். ரேவதி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவர் திட்டியிருக்கலாம். அந்த நேரத்திலும் என்னை யக்கா என்று கூப்பிட்டாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விஷயம் தெரிந்து உங்கள் தம்பி ஓடி வந்தார். "அண்ணி, அவங்க கையில எதுனா குடுத்து அனுப்பிடுங்க. கேசாச்சின்னா பையன் வாழ்க்கை பூடும்."

"அந்தப் பொண்ணு வாழ்க்கை?"

அப்படிக் கேட்டுவிட்டேனே தவிர, அவர் சொன்னபடி செய்யலாமா என்று அன்று முழுக்க யோசித்தேன். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

மறுநாள் சரவணனைக் கூட்டிக்கொண்டு, பொன்னனோடும் ரேவதியோடும் சான்றிதழ் கொடுக்கும் ஆபீசுக்குப் போனேன். என்னை உட்காரச் சொன்னார்கள். அவன் நின்றுகொண்டே, "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார். நாந்தான் பண்ணேன்" என்றான். வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறாயா என்று அதிகாரி கேட்டார். அவன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னும் நாலஞ்சி பேருக்கு" என்றான்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். யாரும் எழச் சொல்லவில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்திருக்க எனக்குக் கூசியது.

ரேவதிக்கு இப்போது உண்மையான சான்றிதழ் வந்துவிட்டது. ஆனால் அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்களாம். இப்போது அம்மாவோடு சாமை அறுக்கப் போகிறாள். ரோட்டில் என்னைப் பார்த்தால் அவளாகவே சிரிக்கிறாள். நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

சரவணன் மேல் கேஸ் இருக்கிறது. மிஷினைப் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. ஜாமீனில் வந்தவன் வாரா வாரம் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். உங்கள் தம்பி நம் வீட்டுக்கு வருவதில்லை. பெற்ற பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவள் என்று பஸ்ஸில் என் காதுபடவே பேசுகிறார்கள். நான் செய்தது சரிதானா? கேட்க உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஆபீசிலிருந்து வந்த நாள் முதல் அவன் என்னோடு பேசவில்லை. போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். அந்த நாலைந்து பேரில் ஒருவர் காவலூரில் இருக்கிறார்; அந்த வீட்டில் அவன் கொடுத்த தாளை இன்னும் நிஜம் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள். விசாரணைக்கு ஆள் போவதற்கு முன்னால் நாளைக் காலையில் நாமே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். இன்று சாயந்தரம் வாசற்படியில் வந்து நின்றான்.

"நானும் வர்ட்டாம்மா?"

"வந்தா நீதான் பேசணும்."

அப்படியே திரும்பிப் போய்விட்டான். காலையில் வருவானா என்று தெரியாது.

வந்தாலும் வராவிட்டாலும் நான் போவேன். காவலூர் முடிந்து மற்ற வீடுகளுக்கும் போவேன். கதவைச் சாத்தினால் திறக்கும்வரை நிற்பேன். ஆனால் ஒன்று. இந்த மலையில் உங்களுக்கு நல்ல பேர் இருக்கிறது. இன்னாருடைய பிள்ளை, மன்னித்துவிடுங்கள் என்று எந்த வாசலிலும் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் பிள்ளையைப் பெற்றவள்,
மல்லிகா