உள்ளே யார் யார்?

டப்ளின்

அன்புள்ள அப்பாவுக்கு,

கலைமதியின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குறைந்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். நான் நம்பவில்லை, நீங்களே எழுதுங்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

ஆபீஸில் ஒரு சின்னச் சங்கதி, பயப்பட ஒன்றுமில்லை. இங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்கள் குடியிருக்கின்றன, தொட்டுப் பார்க்க உருவம் இல்லாதவை. சாஃப்ட்வேர் சந்தா பெரியதன் பேரில்தான்; உள்ளே இருப்பவை எல்லாம் அதில் அடங்கும், நம் ரேஷன் கார்டு மாதிரி. உள்ளே யார் யார் என்று தினமும் பார்ப்பது என் வேலை. திங்கட்கிழமை, சம்பளக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரைக் காணோம். சந்தா இல்லாத வேறொரு பெரிய கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. அது பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அப்டேட் மட்டும் வரவில்லை. யாருமே கவனிக்கவில்லை.

பக்கத்து சீட் வீரமலை, முசிறிக்காரர், "கூட்டம் அதிகமானா அதுவே இடம் மாறிக்கும்ங்க, நான் தொடவே இல்ல" என்று சிரித்தார். அப்படி மாறுவதும் உண்டுதான். ஆனால் நான் கேட்பதற்கு முன்பே எதற்கு அந்தப் பதில்? அந்தச் சம்பளக் கம்ப்யூட்டரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இனி நகராதபடி பூட்டிவிட்டேன்.

போன வாரம் தம்பி அரவிந்தன் என் ஆதார் நம்பர் கேட்டான். எதுக்குடா என்றால், "சும்மாதான்க்கா" என்று அவனும் சிரிக்கிறான். அவன் மனைவி பெயரை ரேஷன் கார்டில் சேர்க்க அலைகிறானாமே? சேர்க்கட்டும். என் பெயர் அதில் இன்னும் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவனிடம் கேட்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். எடமலைப்பட்டி புதூர் ரேஷன் கடை அரிசி இங்கே வரப்போவதில்லை. இருந்தாலும் என் பெயர் அங்கேயே இருக்கட்டும், அப்பா.

கலைமதி