ஞாயிற்றுக்கிழமை கழற்றிய எஞ்சின்

ஓலைத்தொடுவாய்,
ஞாயிறு காலை.

மகளின் அப்பாவுக்கு,

படகு எஞ்சினைக் காணவில்லை என்று பொலிசுக்குப் போகாதீர்கள். நான்தான் எடுத்தேன்.

விவாகரத்துக் கிடைத்த அன்று கோட்டு வாசலில், "எஞ்சின் என்ர, கடன் உன்ர" என்று சிரித்தீர்கள். கட்ட வழியில்லாவிட்டால் கையில் ஒன்றுமில்லை, வங்குரோத்து என்று எழுதிக் கொடுக்கும்படி பிறகு சொல்லியும் அனுப்பினீர்கள். நான் கட்டாவிட்டால் அந்தக் கடன் மகளிர் குழுவில் எனக்குப் பிணை நின்ற நான்கு பேரின் தலையில் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதத் தவணைக்கு அவர்களில் ஒருவரான மதலேனா அக்கா தன் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். அந்த வெறுங்காதைப் பார்த்துக்கொண்டு நான் எதை எழுதிக் கொடுப்பது?

எஞ்சின் வாங்க, பெண்களுக்குத்தான் கடன் கொடுப்பார்கள் என்று என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னவர் நீங்கள். அதனால் எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டும் என் பெயரில்தான் இருக்கிறது. நீங்கள் அதை ஒரு நாளும் வாசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. நான் முதல் பூசை கண்டுவிட்டு வந்தேன். நீங்கள் இரண்டாம் பூசையில் நிற்கும் இந்த நேரத்தில், நாங்கள் ஐந்து பேரும் கடற்கரையில் உங்கள் மீன்வாடியில் நிற்கிறோம். காவலிருக்கும் அமிர்தநாயகம் அண்ணர் பற்றுச்சீட்டை இரண்டு தரம் வாசித்தார். "ஓம் பிள்ளை, இது உன்ரதான்" என்று அவரே எஞ்சினைக் கழற்றித் தந்தார். நாளைக்கு இதை விற்றுக் கடனை முடித்து, தோட்டையும் மீட்போம்.

படகு உங்கள் அப்பா தந்தது, அதை நான் தொடவில்லை. துடுப்பை இந்தக் கடிதத்தோடு அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். அது மட்டும்தான் நீங்கள் உங்கள் காசில் வாங்கியது.

மகளின் அம்மா