தேவதானம் விலக்கில் பன்னிரண்டு நிமிஷம்

ராஜபாளையம்
6.6.1994

அன்புள்ள மாப்பிள்ளை சோலைராஜுக்கு,

தங்கச்சி ஆவுடையம்மாளும் பிள்ளைகளும் சுகந்தானே?

நான் ஓட்டிய மில் வேனையே புரோக்கர் மூலம் வாங்கிவிட்டேன். தினமும் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே கடிகாரமும், வண்டி ஓடும் நேரம் நிற்கும் நேரம் கோடாக விழும் காகிதச் சுருளும். இரண்டு வருஷத்துக்கு முன் என்னை வேலையை விட்டுத் துரத்தியபோது மேனேஜர் நீட்டிய சுருள் இதில் வந்ததுதான்! “ஏலே, தெனம் பன்னெண்டு நிமிசம் வண்டி நின்னுருக்கு. வெளியாளை ஏத்திச் சம்பாதிக்கியோ?” என்றான். மில் கக்கூஸுக்குக் கதவு கிடையாது. ஒன்பது பெண்பிள்ளைகள் ஷிப்டு முழுக்க அடக்கிக்கொண்டு வருவார்கள். அவர்கள் ஒதுங்கத்தான் தேவதானத்துக்கு ரோடு பிரியும் விலக்கில் நிறுத்தினேன். அதை எந்தச் சுருள் சொல்லும்? வேலையைத் திரும்பக் கேட்டு மதுரை லேபர் கோர்ட்டில் நான் போட்ட கேஸ் இன்னும் இழுக்கிறது.

ஒயரை அறுத்து எறியலாமா? எலக்ட்ரீஷியன் நீங்கள், சொல்லுங்கள்.

சமுத்திரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
10.6.1994

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். அறுக்காதீர்கள், ஒயர் உரசினால் வண்டி தீப்பிடிக்கும். முதலில் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். பெட்டியின் சிவப்பு ஒயர் ஹாரன் ஒயரோடு முறுக்கியிருக்கும். முறுக்கைப் பிரித்துப் பெட்டியின் ஒயரை மட்டும் எடுங்கள். வண்டி ஒயரில் டேப் சுற்றுங்கள். பெட்டியின் இடது திருகு மரை போனது. குறடு போட்டுத் திருப்புங்கள்.

கேஸ் எல்லாம் நமக்கு எதற்கு மச்சான்?

சோலைராஜ்

ராஜபாளையம்
15.6.1994

மாப்பிள்ளைக்கு,

கழற்றிவிட்டேன். இப்போது பேட்டரி சாவதில்லை. நான் சொல்லாமலே நீங்கள் எழுதியபடி இடது திருகில் மரை போயிருந்ததும் சரிதான். அது மாட்டியவனுக்குத்தானே தெரியும்? வேலை போன அன்று என் வீட்டில் உட்கார்ந்து, “அந்த மேனேஜர் வெளங்க மாட்டான் மச்சான்” என்று சொல்லிச் சோறு தின்றீர்களே!

ஏன் மாட்டினீர்கள் என்று கேட்கவில்லை. மாட்டாவிட்டால் மில் வேலை வராது என்பீர்கள். 27ஆம் தேதி லேபர் கோர்ட்டில் பெட்டியை வைக்கப்போகிறேன். இது நேரத்தைத்தான் குறிக்கும், யார் ஏறினார்கள் என்று குறிக்காது என்பதை மாட்டியவர் வாயால் சொல்ல வேண்டும். வாருங்கள்.

சமுத்திரம்

ராஜபாளையம்
28.6.1994

சோலைராஜுக்கு,

நீங்கள் வரவில்லை. என் வேனில் வந்த கருத்தம்மாளும் மற்ற எட்டுப் பெண்பிள்ளைகளும் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். “வாயத் தொறந்து சொல்லும்மா, எதுக்கு வண்டி நின்னது?” என்று மில் வக்கீல் இளித்தான். அத்தனை ஆம்பளைகள் நடுவே கருத்தம்மாள் சொன்னாள்: “ஒண்ணுக்கு இருக்கய்யா. ஒங்க வீட்டுப் பொம்பளைக இருக்க மாட்டாகளா?”

ஜட்ஜ் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு எப்படியும் வரட்டும். அம்மன் கோயில் பொங்கலுக்குத் தங்கச்சியையும் பிள்ளைகளையும் மட்டும் பஸ் ஏற்றிவிடுங்கள்.

சமுத்திரம்