அன்றைய பெயர்ப்பட்டியல்

ஐப்பசி 9, செவ்வாய்

போன மாதம் எங்கள் பட்டாசுக் கம்பெனி வெடிவிபத்தில் இறந்த மாரியம்மாளின் மகள் செல்வி இன்று ஆபீசுக்கு வந்தாள்.

"அண்ணே, எங்கம்மா அன்னைக்கு வேலைக்கே வரலைன்னு கம்பெனில சொல்றாக. நாந்தான் வேன்ல ஏத்திவிட்டேன். ஒங்க கம்ப்யூட்டர்ல பேரு இருக்கும்ல?"

எந்த அறையில் யார் யார் என்று தினமும் சீட்டைப் பார்த்துப் பதிவது நான்தான். பதிந்ததும் சீட்டைக் கிழித்துவிடுவேன். ஒவ்வொரு நாள் பதிவையும் தனித்தனியாகக் காத்துவைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் ஏற்றிவிட்டால் எதுவும் அழியாது என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.

அன்று சேமித்த மறுநொடி இடி இடித்தது. இடித்தால் மெயின் கரண்டை அணைப்பது பட்டாசுக் கம்பெனி வழக்கம், அணைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் நம்பர் அறை வெடித்தது. அதன்பின் கம்ப்யூட்டர் யாருக்கு நினைவிருக்கும்?

நேற்றுதான் பதிவுகள் பழுதில்லாமல் இருக்கின்றனவா என்று சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். மற்ற நாட்கள் எல்லாம் சரி. அந்த ஒரு நாளின் கோப்பு மட்டும், வட்டில் எழுதி முடிவதற்குள் கரண்டு போனதால், சிதைந்திருக்கிறது. அதன் அடையாள எண் இருக்கிறது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

மாரியம்மாள் என்று என் கையால் அடித்தது நன்றாக நினைவிருக்கிறது. என் நினைவை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

"பாத்துச் சொல்றேம்மா" என்று செல்வியை அனுப்பிவைத்தேன். நேற்றே பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.