மேடைத் திரையும் ஒரு மானும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. என் முழங்கால் வலியையும் உன் அம்மா என்னோடு பேசாமல் இருப்பதையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டோம், பேத்தியைக் காதை மூடாமல் வெளியே அனுப்பாதே, மாப்பிள்ளையையும்தான். அம்மா பேசாததற்குக் காரணம் நான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், நேராகச் சொல்ல வெட்கமாக இருப்பதால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்.

நான் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பள்ளிக்கு ஓர் அறக்கட்டளை நிதி கொடுத்திருக்கிறது. ஓவிய வரலாற்றுப் பாடத்தில் இதுவரை விடுபட்டுப்போன பெண்கள், கூலி வேலைக்காரர்கள் எல்லோரையும் சேர்த்துப் புதுப் பாடநூல் எழுத வேண்டுமாம். நல்ல காரியம்தான். தலைமையாசிரியர் உடனே ஒரு குழு போட்டார், ஒன்பது பேர், ஒன்பதும் மீசை, அதில் ஒன்று என்னுடையது. பெண் ஒருவராவது வேண்டும் என்று அறக்கட்டளை எழுதியதும், கூட்டக் குறிப்பு எழுதும் அலுவலக அம்மாளை உறுப்பினராக்கினார்கள், நாற்காலி போதாததால் அவர் கதவருகே நின்றுகொண்டே உறுப்பினராக இருந்தார். நிதியில் முதலில் வாங்கியது குழுவின் அறைக்கு ஏசி, அடுத்தது அறக்கட்டளைத் தலைவரின் ஆளுயர உருவப்படம். விடுபட்டவர்களுக்காக வந்த நிதியில் முதலில் சுவரில் ஏறியவர் அவர்தான். பிள்ளைகளுக்கு வண்ணப் பென்சில் வாங்கலாமே என்றேன், அது இந்தத் திட்டத்தில வராது சார் என்று தலைமையாசிரியர் சிரித்தார். ஒருவர் விடுபட்டவர் என்பதற்கும் ஆதாரம் வேண்டுமாம், ஏதாவது புத்தகத்தில் அவர் பெயர் இருக்க வேண்டுமாம். புத்தகத்துல பேர் இருந்தா அவர் எப்படி சார் விடுபட்டவர் என்று அலுவலக அம்மாள் கேட்டார், அதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று அவரிடமே சொன்னார்கள். உள்ளூர்க்காரர் ஒருவரின் ஓவியமாவது இருந்தால்தான் மீதி நிதி என்று அறக்கட்டளை நெருக்கியதும் எல்லோர் கண்ணும் பள்ளி மேடைத் திரையில் விழுந்தது. நதி, படகு, துணி துவைக்கும் பெண்கள், ஓரத்தில் ஒரு மான், கீழே என் கையெழுத்து. நகரத்திலிருந்து வந்த நிபுணர் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, மானின் நான்கு கால்களும் நான்கு நீளத்தில் இருப்பது ஒடுக்கப்பட்டவர்களின் தடுமாற்றம் என்றார். உடனே பாடநூலில் எனக்கு ஒரு தனி அத்தியாயம், புகைப்படத்தோடு. நான் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

உனக்குத்தான் தெரியுமே. ஆண்டு விழாவுக்குத் திரை வேண்டும் என்று பள்ளியில் கேட்டபோது அவ்வளவு பெரிய துணியைப் பார்த்ததும் நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுக் கூடத்து நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு உன் அம்மாதான் பன்னிரண்டு நாள் முட்டி போட்டு வரைந்தாள், நடுவில் சமையல், நடுவில் உனக்குக் காய்ச்சல். ஆறு வயது உனக்கு, காயாத நதியில் படுத்துப் புரண்டு முதுகெல்லாம் நீலமாக எழுந்து வந்தாய். என் பங்குக்கு நான் அந்த மானை வரைந்தேன், அப்பா இது கழுதையா என்று கேட்டாய். விழாவில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், நான் மறுக்கவில்லை, முப்பது வருடமாக மறுக்கவில்லை.

போன வாரம் அத்தியாயத்தின் அச்சுப்படி வீட்டுக்கு வந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தாள், மானைப் பற்றிய இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விட்டுப்போனவங்களைப் பத்தின புத்தகத்துலயும் என்னை விட்டுட்டீங்களே என்றாள். அதோடு சரி, நாலு நாளாகப் பேச்சில்லை. மறுநாளே போய் உண்மையைச் சொன்னேன். தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டு, உங்க படம் அச்சாகிடுச்சு சார், மேடம் வரைஞ்சதுக்கு ஆதாரம் இருக்கா, வேணும்னா நன்றிப் பக்கத்துல ஆசிரியரின் துணைவியார்னு போட்டுடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் திரையில் நான் அதைக்கூடப் போடவில்லை. வெளியே வரும்போது அலுவலக அம்மாள்தான், பார்த்தவங்க யாராவது எழுதிக் கொடுத்தா நான் அதைக் குறிப்புல ஏத்திடுறேன், இந்தத் தடவை யார் சொன்னாலும் விட மாட்டேன் என்றார்.

பார்த்தவள் நீ ஒருத்திதான். மாதக் கடைசிக்குள் எழுதி அனுப்பு, பன்னிரண்டு நாளையும் எழுது, நீல முதுகையும் எழுது. அம்மாவின் பெயரை முழுப் பெயராக எழுது, மனைவி என்ற சொல் எங்கும் வர வேண்டாம். மானை மட்டும் அவள் தலையில் கட்டிவிடாதே, அது அவளுக்கு இன்னோர் அநியாயம். பேத்தி எதை வரைந்தாலும் மூலையில் அவள் பெயரை அவளையே எழுதச் சொல். மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு போன் போடு, உன்னிடமாவது பேசட்டும்.

ஆசிகளுடன்,
மானை மட்டும் வரைந்த
உன் அப்பா