நீ போட்ட புள்ளியை யாரிடம் சொன்னாய்?

என் ஒரே சகலை, தங்கமான மனுஷன் நாச்சிமுத்துவுக்கு,

திட்டத்தான் எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மூன்று நாளாக உன் பைக் என் மானத்தை வாங்கிவிட்டது.

சேதி இதுதான். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதென்று உன் வீட்டுக்காரி சரசு முடிவு செய்துவிட்டாள். "மாமா, நெஞ்சு நோவோட இதுலதானுங்க அவரு தனியா ஆஸ்பத்திரிக்குப் போனாரு. வாசல்ல நிக்கறதப் பாத்தா வகுறு எரியுது" என்றாள். உன் மகள் சுகன்யாவோ, அதில்தான் பெரியநாயக்கன்பாளையத்துக்கு வேலைக்குப் போவேன் என்று ஒரே பிடிவாதம். ஆனால் டைமிங் செயின் தேய்ந்து வண்டி கிளம்பவே இல்லை. நான் குறுக்கே விழுந்தேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓட வெக்கலீனா நானே தூக்கிப் போட்டர்றேன் அம்மணி."

எனக்கென்ன பயம்? எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வண்டி இருமினால், எந்த வால்வு என்று கவுண்டம்பாளையத்தில் இருந்தே சொல்லுகிற காது இது. கம்பெனி இன்ஜினியர்கள் நாலு பேர் காரில் வந்து என்னிடம் சந்தேகம் கேட்டது உனக்கே தெரியும். மூன்று பேர் என்பாய். ஒருவர் காரைவிட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

உன் வீட்டு வாசலில் சாக்கை விரித்து இன்ஜின் தலையைத் திறந்தேன். மேக்னட் குறியை நேராக்கி, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தேன். வால்வைத் திறந்து மூடுகிற கேம் பல்சக்கரத்தில் உள்ள கோட்டை விளிம்போடு மட்டமாக வைத்துப் புதுச் செயினை மாட்டினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்கிற வேலை. உதைத்தால் சைலன்சரில் வெடி. பிரித்து மாட்டினால் மறுபடி வெடி. பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்களுக்கு மட்டும் தீபாவளி முன்னாடியே வந்துருச்சுங்களா?" என்கிறார். இந்தப் பேச்சு எனக்குத் தேவையா?

மூன்றாம் நாள் சுகன்யாதான் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டுச் சொன்னாள். "பெரியப்பா, கோட்டுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி இருக்குதுங்க."

பஞ்ச் வைத்துத் தட்டிய புள்ளி. உன் கைவேலை. அது இந்த வண்டியின் பல்சக்கரமே இல்லை. வேறு வண்டியுடையதை உன் பட்டறையில் போல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறாய். அதனால் கோடு பொய், புள்ளிதான் நிஜம். புள்ளியை விளிம்புக்கு வைத்து மாட்டினேன். ஒரே உதை.

ஏப்பா, இதை யாரிடம் சொன்னாய்? பெண்டாட்டியிடமா, மகளிடமா, என்னிடமா? எல்லாவற்றையும் உள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு போய்விட்டால், இருக்கிறவர்கள் எதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வது?

மார்கழியில் டீக்கடையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயுங்க சகலை" என்றாய். ஏன் பொய் சொன்னாய்? நானும், "இஞ்சிச் சாறு குடி, மூணே நாள்ல போயிரும். நூறு பேருக்குக் குணமாக்கியிருக்கறேன்" என்றேன். ஒருத்தருக்குக்கூட இல்லை. முப்பது வருஷமாக என் பேச்சில் பாதியைத் தள்ளிவிட்டுத்தானே கேட்டாய்? அன்றைக்கு மட்டும் எதற்கு முழுசாக நம்பினாய்? மூன்று நாளும் தவறாமல் குடித்தாயாமே. நாலாம் நாள் நீ இல்லை. அந்தக் கோபம் உன் மேலா, என் மேலா என்று பிரிக்கத் தெரியாமல் எட்டு மாதமாகச் சோறு இறங்கவில்லை.

சுகன்யா துடியலூர் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தாள். சரசு வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் காப்பி கொண்டுவந்தாள். "வண்டி இருக்கட்டுங்க. மாமா நீங்க இருக்கறீங்கன்னுதான் நாங்க தெகிரியமா இருக்கறமுங்க." நான் வழக்கம்போல, "இதெல்லாம் நமக்கு ஒரு வேலையா அம்மணி" என்றேன். காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

இஞ்சிச் சாறு யார் சொன்ன வைத்தியம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. நாளைக் காலையில் போய்ச் சொல்லிவிடுகிறேன். நூறு பேர் கதையைச் சேர்க்காமல், நடந்ததை நடந்தபடி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் காப்பி உண்டோ இல்லையோ. உன்மேல் ஆணை, சொல்லிவிடுகிறேன்.

கோபம் ஆறாத உன் பெரிய சகலை,
சென்னியப்பன்