ஆர்.சி. அத்தி

1958 ஜனவரி 12

எங்கள் சபை உபதேசியார் வந்திருந்தார். கொல்லையில் நிற்கும் அத்தி மரங்களைப் பார்த்துவிட்டு, "ஆண்டவர் சபிச்ச மரமாச்சே சார், இதையா இம்புட்டு வளக்கீக?" என்றார்.

"காய்க்காத மரத்தத்தான் சபிச்சாரு. அத்திய இல்ல" என்றார் அப்பா. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வேதத்தில் அவரை மடக்க முடியாது. ஆனால் எங்கள் சீமை அத்தி ஒன்றுகூட இதுவரை காய்த்ததில்லை. உபதேசியார் அதைக் கவனிக்காமல் போனது கர்த்தரின் கிருபை.

பெங்களூர், பூனா, சேலம் என்று எல்லா ஊரிலும் அப்பாவுக்கு நடுவதற்கு அத்திக் குச்சி அனுப்ப ஆள் இருக்கிறது. பாத்திரம் கழுவிய தண்ணீரை அம்மா மரத்துக்கு என்று சேர்த்து வைக்கிறாள். தம்பி நேசகுமார் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எருவுக்கு அலைகிறான். பதியம் போடுவது என் வேலை. ஜெயசீலிக்கு, அதாவது எனக்கு, மாப்பிள்ளை தேடத்தான் இந்த வீட்டில் யாருக்கும் ஒழியவில்லை.

பிப்ரவரி 3

எம். புதுப்பட்டிப் பட்டாசு கம்பெனியிலிருந்து வெள்ளைத்துரை என்ற தொழிலாளியை நான் நர்ஸாக இருக்கும் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கை வெந்திருந்தது. கூட வந்தவர் கம்பெனிக் கணக்குப்பிள்ளை சவரியப்பன். வலி மறக்கட்டும் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். "கை ஆறட்டும்லே. நம்ம கெணத்தடி அத்தி பழுத்திரும். மொதப் பழம் ஒனக்குத்தான்."

நான் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டேன். "என்ன அத்தி? நாட்டு அத்தியா, சீமையா?"

வெள்ளைத்துரை முனகினான். "தாயி, மொதல்ல கையப் பாருங்க."

பிப்ரவரி 4

சீமைதானாம். கொடைக்கானலில் ஒரு சாமியார் தோட்டத்துக் குச்சியாம். காய்க்கிறதாம்!

பிப்ரவரி 16

"ஆர்.சி.யா?" என்று கேட்டுவிட்டு அப்பா மத்தியானம் வரை கொல்லையிலேயே சுற்றினார். கத்தோலிக்கர் என்றால் எங்கள் சபைக்கு ஆகாது. பிறகு, "குச்சிக்கு ஏது சபை? வரச் சொல்லு" என்றார்.

ஈரச் சாக்கில் சுற்றிய குச்சிகளோடு சவரியப்பன் வந்தார். அப்பா தன் நாற்காலியையே எடுத்துப் போட்டார். அடுப்படிக்கு வந்து என்னிடம் ரகசியமாக, "காப்பி குடு பிள்ள. மொகத்தச் சிரிச்சாப்ல வச்சுக்க. வேர் பிடிக்கிற வரைக்கும் அவரு தயவு வேணும்" என்றார்.

அப்பா சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை.

ஆகஸ்ட் 24

வேர் பிடித்து நாளாகிவிட்டது. அவர் இன்னமும் இலையைப் பார்க்க வருகிறார். அப்பா அதை நம்புகிறார். அம்மா நம்பவில்லை, ஆனால் பலகாரம் மட்டும் செய்து வைக்கிறாள்.

1959 ஜூன் 7

எங்கள் வீட்டில் அவர் தந்த அத்தி பழுத்துவிட்டது. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கண்ணை மூடி ஜெபம் செய்தார். ஆளுக்கொரு துண்டு. இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்ததில்லை — சொல்ல இதுதான் நேரம் என்று சொல்லித் தொலைத்தேன்.

"ஆர்.சி.க்காரனையா?"

"குச்சிக்கு சபை இல்லன்னு நீங்கதானப்பா சொன்னீக?"

"குச்சி வேற, மனுசன் வேற! அவனக் கட்டினா ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

அரிவாளை எடுத்துக்கொண்டு அந்த மரத்திடம் போனார். பின்னாலேயே ஓடினேன். ஓங்கினார். அடிக்கிளையில் இன்னும் காய்கள் இருந்தன. பார்த்துக்கொண்டே நின்றார். அரிவாளைக் கொண்டுவந்து பழைய இடத்தில் செருகிவிட்டுப் படுத்துவிட்டார்.

மரத்த வெட்ட மனசு வரல. என்னய வெட்டிவிட மட்டும் எப்படி வந்துச்சு? நானும் இந்த வீட்ல வளந்தவதானே?

செப்டம்பர் 9

கல்யாணம் முடிந்தது. அம்மாவும் தம்பியும் வந்தார்கள். அப்பா வரவில்லை. மரத்தில் பூச்சி விழுந்திருக்கிறதாம்.

1961 மே 14

நேசகுமார் எம். புதுப்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். விருதுநகர் வீட்டுக் கிணறு வற்றிவிட்டதாம். குடிக்க வாங்கும் தண்ணீரையும் அப்பா மரத்துக்கு ஊற்றிவிடுகிறாராம். "அம்மா கத்துறா. நீ ஒரு வார்த்த சொல்லேன்" என்றான். நான் சொல்லி அவர் எதைக் கேட்டார்? கேட்டுக்கொண்டிருந்த இவர்தான், "எங்க கெணத்துல தண்ணி கெடக்கே" என்றார்.

மே 20

விருதுநகரில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய கம்பெனி லாரியில் அத்தி மரங்கள் வந்து இறங்கின. கிளையை மொட்டையடித்து, வேர்மண்ணைச் சாக்கில் கட்டி — எல்லாம் பக்குவமாக. கடைசி மரத்தைக் கட்டிப்பிடித்தபடி மேலே அப்பா உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருக்கிறார். அம்மா முன்சீட்டிலிருந்து இறங்கினாள்.

"உள்ள வாங்கப்பா" என்றேன்.

"நான் ஒன் வீட்டுக்கு வரல. மரம் வந்திருக்கு. கூட வந்திருக்கேன்."

கிணற்றடியிலேயே சாப்பிட்டார். கட்டிலும் அங்கேதான் போடவேண்டும் என்றார். கொள்கை. ஆனால் ரசத்துக்கு உப்பு காணாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

மே 22

மரங்களை எல்லாம் நட்டாயிற்று. எந்த மரத்தை எங்கே வைப்பது என்று இவருக்கும் அப்பாவுக்கும் நேற்றெல்லாம் வழக்கு. அப்பா இவரை, "ஓய் கணக்குப்பிள்ள" என்றே கூப்பிட்டார். இவரும் "சொல்லுங்க சார்" என்றே ஓடினார்.

இன்று காலை இவர் குடத்தோடு நின்றார். அப்பா குழியைப் பார்த்தபடியே, "மாப்பிள, அம்புட்டுத் தண்ணி ஊத்தாதீக. வேர் அழுகிரும்" என்றார்.

"மாப்பிள" என்று சொன்னது அவருக்கே தெரிந்ததோ இல்லையோ. அம்மா என்னைப் பார்த்தாள்.

இவர் காது கேட்காத மாதிரி இன்னொரு குடம் இறைத்துக்கொண்டு வந்து ஊற்றினார்.